உள்ளூர் போக்குவரத்து அன்றாட வாழ்க்கைக்கு எவ்வளவு உதவுகிறது? அளந்து பார்க்க ஒரு முழுமையான வழிகாட்டி

ஒரு வழித்தடத்தில் நாளைக்கு எத்தனை பஸ் ஓடுகிறது, எத்தனை சதவீதம் நேரத்துக்குக் கிளம்பியது, எத்தனை பேர் ஏறினார்கள் என்பதெல்லாம் பஸ்ஸைப் பற்றிய கணக்கு. ஸ்டாப்பில் நிற்கிறவருக்கு வேண்டிய கணக்கு வேறு. காலையில் குழந்தையைப் பள்ளியில் விட்டு, வேலைக்குப் போய், வரும் வழியில் அம்மாவுக்கு மருந்து வாங்கிக்கொண்டு, நேரத்தோடு வீடு திரும்ப முடிகிறதா? அதை அளப்பதற்குத்தான் இந்த வழிகாட்டி.

இந்த வேலையைப் பல முறை செய்திருக்கிறேன், புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்லியும் கொடுத்திருக்கிறேன். பெரும்பாலானவர்கள் வழுக்குவது ஒரே இடத்தில்தான்: முதல் நாளே வரைபடத்தைத் திறந்து ஸ்டாப்களைப் புள்ளி வைக்க ஆரம்பித்துவிடுகிறார்கள். அங்கிருந்து தொடங்கினால் கடைசி வரை பஸ்ஸின் பக்கத்திலிருந்தே பார்த்துக்கொண்டிருப்பீர்கள். ஆகவே கீழே உள்ள வரிசையை மாற்ற வேண்டாம்.

1. முதலில் கையில் இருக்க வேண்டியவை

மூன்று பேராவது வேண்டும். தனியாகச் செய்தால் ஸ்டாப்பில் நின்று குறிக்கும் வேலை பாதியில் நின்றுபோகும், நான் பார்த்தவரை அப்படித்தான் நடக்கிறது. ஜிபிஎஸ் உள்ள போன், ஒரு ஸ்ப்ரெட்ஷீட், அச்சடித்த படிவங்கள், பென்சில் இருந்தால் போதும். மழையில் பேனா மை கரையும், வெயிலில் போன் திரை தெரியாது, காகிதத்தில் பென்சில்தான் கடைசி வரை நிற்கும்.

எல்லோருடைய கடிகாரத்தையும் போன் நேரத்தோடு ஒத்துப்போக வைத்துவிடுங்கள். இருவருடைய கடிகாரங்களுக்கு இடையே மூன்று நிமிட வித்தியாசம் இருந்தாலே, ஒரு ஸ்டாப்பிலிருந்து அடுத்த ஸ்டாப்புக்கு பஸ் எடுத்த நேரம் அபத்தமாக வரும்.

காலம்: சின்னப் பகுதிக்கு மூன்று வாரம் வைத்துக்கொள்ளுங்கள். பள்ளி விடுமுறை, திருவிழா, தேர்தல் வாரங்களைத் தவிருங்கள். அந்த நாட்களில் கூட்டமும் மாறும், பஸ்ஸும் மாறும்.

2. எந்த முடிவுக்காக அளக்கிறோம் என்று ஒரு வரியில் எழுதுங்கள்

'போக்குவரத்து நன்றாக இருக்கிறதா' என்பது அளக்கக்கூடிய கேள்வி இல்லை. 'கடைசி பஸ்ஸை ஒரு மணி நேரம் தள்ளி விட்டால் யாருக்குப் பயன்?' என்பது அளக்கக்கூடியது. 'இந்த நான்கு தெருக்களிலிருந்து மருத்துவமனைக்குப் போய்வர முடிகிறதா?' என்பதும் அப்படித்தான்.

ஒரு வரி எழுதச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. கேள்வி இரவு நேரத்தைப் பற்றியதாக இருந்தால் காலை ஏழு மணிக்கு ஸ்டாப்பில் நின்று குறிப்பதில் பயனில்லை. எதை அளக்க வேண்டாம் என்பதை அந்த ஒரு வரிதான் சொல்லும்.

3. பயணங்களின் பட்டியல், நேரத்தோடு

இதுதான் உண்மையான முதல் படி. இரண்டு நாள் இதற்கே ஒதுக்குங்கள்.

அந்தப் பகுதியில் வசிக்கும் பலதரப்பட்டவர்களை நினைத்து ஆறு முதல் பத்து பயணங்கள் எழுதுங்கள். வெறும் இடத்தின் பெயர் மட்டும் போதாது. எத்தனை மணிக்குப் போய்ச் சேர வேண்டும், அங்கே எவ்வளவு நேரம் ஆகும், எத்தனை மணிக்குத் திரும்ப வேண்டும், கையில் என்ன இருக்கும், கூட யார் வருவார்கள் என்று முழுதாக எழுத வேண்டும். 'மருத்துவமனை' என்று எழுதினால் அது ஒரு இடம்தான். 'காலை 9 மணிக்கு மருத்துவமனை, கூட முழங்கால் வலிக்காரத் தாய், 12:30-க்குத் திரும்ப வேண்டும்' என்று எழுதினால்தான் அது பயணம்.

புதியவர்கள் பட்டியலில் எப்போதும் வேலைக்குப் போகும் பயணமே நிறைந்திருக்கும். அது ஒரே நேர்க்கோட்டில் போய், அதே கோட்டில் திரும்பும் பயணம். ஆனால் பிள்ளையை விடுவது, முதியவரைக் கூட்டிப்போவது, காய்கறி வாங்குவது போன்றவை சின்னச் சின்னத் துண்டுகளாக, ஒன்றோடொன்று கோர்த்து, உச்ச நேரத்துக்கு வெளியே நடக்கின்றன. ஸ்பெயின் நாட்டு ஆய்வாளர் இனேஸ் சான்செஸ் தே மாதரியாகா இவற்றைப் 'பராமரிப்புக்கான நடமாட்டம்' என்று தனி வகையாகப் பிரித்துக் காட்டினார். வழக்கமான கணக்கெடுப்புகளில் இவை 'ஷாப்பிங்', 'சொந்த வேலை', 'மற்றவை' என்று சிதறிப்போவதால், சேர்த்துப் பார்த்தால் எவ்வளவு பெரிய பங்கு என்பது தெரியாமலே போகிறது. இந்தப் பயணங்களைப் பெரும்பாலும் பெண்கள்தான் செய்கிறார்கள். உங்கள் பட்டியலில் பாதியாவது இவையாக இருக்கட்டும்.

அப்புறம், ஒவ்வொரு பயணத்துக்கும் திரும்பும் பாதியைக் கட்டாயம் எழுதுங்கள். முதல்முறை நான் செய்தபோது போகிற பாதியை மட்டும் அளந்து, ஒரு குடியிருப்புக்கு நல்ல மதிப்பெண் கொடுத்துவிட்டேன். அங்கிருந்து மாலை வேலைக்குப் போகிறவர்களுக்கு இரவு திரும்பி வர வண்டியே இல்லை என்பது அறிக்கை கொடுத்த பிறகுதான் தெரிந்தது. திரும்பி வர வழியில்லாத இடத்துக்கு யாரும் கிளம்பமாட்டார்கள். அதனால் போகிற வழி எவ்வளவு நன்றாக இருந்தாலும் அந்தப் பயணத்துக்குப் பூஜ்ஜியம்தான்.

4. கிளம்பும் இடங்களைத் தேர்ந்தெடுப்பது

பகுதியின் நடுப்புள்ளியை எடுத்துக்கொண்டு 'இதுதான் கிளம்பும் இடம்' என்று வைப்பவர்கள் உண்டு. நடுப்புள்ளி பெரும்பாலும் மெயின் ரோட்டுக்குப் பக்கத்திலேயே விழும், பஸ்ஸும் அங்கேதான் ஓடும். விளைவு எப்போதும் நன்றாகத்தான் வரும்.

அதற்குப் பதில் எட்டு முதல் பன்னிரண்டு வீட்டு வாசல்களை எடுங்கள். ஆட்கள் நிறைய வசிக்கும் இடங்களில் அதிக வாசல்கள், ஓரங்களில் ஒன்றிரண்டாவது. ஒவ்வொரு வாசலும் சுமார் எத்தனை பேரின் இடத்தில் நிற்கிறது என்று பக்கத்தில் குறித்துவையுங்கள், கடைசியில் சராசரி எடுக்கும்போது வேண்டும். 2,000 பேர் வசிக்கும் அடுக்குமாடித் தெருவும் 50 பேர் வசிக்கும் ஒதுக்குப்புறமும் கணக்கில் சமமாகிவிடக் கூடாது.

5. நடந்து பாருங்கள்

ஐக்கிய நாடுகளின் நிலையான வளர்ச்சி இலக்குகளில் 11.2.1 என்ற குறியீடு, பஸ் போன்ற வண்டிகளுக்கு 500 மீட்டர், ரயில், மெட்ரோ போன்றவற்றுக்கு 1 கிலோமீட்டர் என்று நடைதூரம் வைத்து, அதற்குள் வசிப்பவர்கள் எத்தனை சதவீதம் என்று கேட்கிறது. நாடுகளை ஒப்பிட அது சரி. ஆனால் அந்த ஸ்டாப்புக்கு எத்தனை பஸ் வருகிறது, எங்கே போகிறது என்று அது கேட்பதில்லை. ஒரு பகுதிக்கு முடிவெடுக்க அது மட்டும் போதாது.

இங்கே செய்யும் பெரிய தவறு, ஸ்டாப்பைச் சுற்றி 500 மீட்டர் ஆரத்தில் வட்டம் போடுவது. மனிதர்கள் காக்கை பறக்கும் கோட்டில் நடப்பதில்லை. தெருக்கள் சதுரங்கக் கட்டம் போல இருக்கும் ஊரில்கூட, உண்மையில் 500 மீட்டர் நடந்து எட்டக்கூடிய பரப்பு அந்த வட்டத்தில் 64 சதவீதம்தான். குறுக்கே ரயில் பாதையோ வாய்க்காலோ மதில் சுவரோ இருந்தால் இன்னும் சுருங்கும். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்ற இலவச இணைய வரைபடத்தில் உள்ள தெரு வலையை வைத்து கியூஜிஐஎஸ் மென்பொருளில் நடைதூரம் கணக்கிடலாம். ஆனால் அதையும் முழுதாக நம்பாமல், ஒவ்வொரு வாசலிலிருந்தும் ஒரு முறை நேரில் நடந்துவிடுங்கள்.

எந்த வேகத்தில் நடப்பது? லண்டனில் ஒரு இடத்திலிருந்து பொதுப் போக்குவரத்தை எட்டுவது எவ்வளவு சுலபம் என்று அளக்கும் பிடிஏஎல் என்ற முறையில் நிமிடத்துக்கு 80 மீட்டர் என்று வைத்துக்கொள்கிறார்கள். அது நல்ல உடல்நிலையில் உள்ளவரின் வேகம். அப்படிப் பார்த்தால் 500 மீட்டருக்கு ஆறேகால் நிமிடம். நிமிடத்துக்கு 48 மீட்டர் நடக்கும் முதியவருக்கு அதே தூரம் பத்து நிமிடத்துக்கு மேல். ஆகவே உங்கள் பட்டியலில் உள்ள பயணத்துக்கு ஏற்ற வேகத்தை வையுங்கள், எல்லோருக்கும் ஒரே வேகம் வேண்டாம்.

நடக்கும்போது குறிக்க வேண்டியவை: நடைபாதை உண்டா, சாலையை எங்கே கடப்பது, கடக்க எத்தனை நொடி நிற்க வேண்டியிருக்கிறது, இரவில் விளக்கு எரிகிறதா, ஸ்டாப்பில் நிழலும் உட்கார இடமும் இருக்கிறதா. திரும்பி வரும்போது இறங்கும் ஸ்டாப் சாலைக்கு எதிர்ப்பக்கம் இருக்கும், அதை மறந்துவிடாதீர்கள். போகும்போது நான்கு நிமிடமாக இருந்த நடை, ஆறு வழிச் சாலையைக் கடக்க வேண்டியிருப்பதால் திரும்பும்போது பதினொரு நிமிடமாகலாம்.

6. டைம்டேபிளைச் சேகரிப்பது

பஸ் நிறுவனம் ஜிடிஎஃப்எஸ் என்ற பொது வடிவில் தரவு வெளியிட்டிருந்தால் பாதி வேலை முடிந்தது. அது ஸ்டாப்கள், வழித்தடங்கள், பஸ் ஓடும் ஒவ்வொரு முறை, நேரங்கள், எந்த நாளில் ஓடும் என்ற நாட்காட்டி எல்லாம் தனித்தனிக் கோப்புகளாக உள்ள ஒரு தொகுப்பு. இதில் இரண்டு இடங்களில் கவனமாக இருங்கள்.

ஒன்று, நாட்காட்டி. நீங்கள் தேர்ந்தெடுத்த தேதி விடுமுறையாகவோ தரவின் காலாவதிக்குப் பிந்தியதாகவோ இருந்தால் பஸ்களே இல்லை என்று வரும். சாதாரண வேலைநாளான ஒரு செவ்வாய் அல்லது புதன், கூடவே ஒரு ஞாயிறு என்று எடுங்கள்.

இரண்டு, நள்ளிரவு. நேரக் கோப்பில் 25:10 என்று ஒரு நேரம் இருந்தால் அது பிழையில்லை, முதல் நாள் சேவையின் தொடர்ச்சியாக அதிகாலை 1:10 என்று பொருள். இதைத் தப்பு என்று நினைத்து அந்த வரிகளை அழித்துவிட்டு, இரவு சேவையே இல்லை என்று எழுதிய ஒருவரின் அட்டவணையை நானே உட்கார்ந்து சரி செய்திருக்கிறேன்.

தரவே இல்லை, அல்லது டைம்டேபிள் இல்லாமல் ஓடும் வேன், மினிபஸ்தான் இருக்கிறது என்றால் சோர்ந்துபோக வேண்டாம். போனில் ஜிபிஎஸ் பதிவை ஓடவிட்டு ஒவ்வொரு தடத்திலும் காலை, நண்பகல், மாலை என்று ஏறிப் பயணம் செய்யுங்கள். கென்யாவின் நைரோபியில் மத்தாத்து என்று அழைக்கப்படும் தனியார் வேன்களின் தடங்களை இப்படித்தான் போன்களை வைத்துப் பதிவு செய்து, 2014-ல் வரைபடமாகவே வெளியிட்டார்கள்.

7. வாசலிலிருந்து வாசல் வரை கணக்கிடுவது

இப்போதுதான் கணக்கு. ஒவ்வொரு பயணத்தையும் ஸ்ப்ரெட்ஷீட்டில் ஐந்து பத்திகளாகப் பிரியுங்கள்: ஸ்டாப் வரை நடை, காத்திருப்பு, வண்டிக்குள் நேரம், மாறும் இடத்தில் காத்திருப்பு, கடைசி நடை. பிரித்து வைக்கக் காரணம், ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு. நடை அதிகமென்றால் ஸ்டாப் வேண்டும், காத்திருப்பு அதிகமென்றால் கூடுதல் பஸ்கள் வேண்டும், மாறும் இடத்தில் நேரம் போகிறதென்றால் சில சமயம் டைம்டேபிளில் ஐந்து நிமிடம் நகர்த்தினாலே போதும்.

ஒரே ஒரு கிளம்பும் நேரத்துக்குக் கணக்கிடக் கூடாது. ஏன் என்று ஓர் எடுத்துக்காட்டோடு பார்க்கலாம்.

வாசலிலிருந்து ஸ்டாப்புக்கு 7 நிமிட நடை. முதல் பஸ் 8:05, 8:25, 8:45 என்று 20 நிமிடத்துக்கு ஒன்று, அதில் 18 நிமிடப் பயணம். மாறும் இடத்தில் இரண்டாவது பஸ் 8:25, 8:40, 8:55, 9:10 என்று 15 நிமிடத்துக்கு ஒன்று, அதில் 9 நிமிடம். இறங்கி 4 நிமிட நடை. 7:58-க்குக் கிளம்புகிறவர் 8:38-க்குச் சேர்கிறார், மொத்தம் 40 நிமிடம். இரண்டே நிமிடம் தள்ளி 8:00-க்குக் கிளம்புகிறவர் 8:05 பஸ்ஸை விட்டு, 8:25-ஐப் பிடித்து, 8:43-க்கு இறங்கி, 8:40 பஸ்ஸையும் மூன்று நிமிடத்தில் தவறவிட்டு, 9:08-க்குத்தான் போய்ச் சேர்கிறார். 68 நிமிடம்.

இதில் எது அந்த வாசலின் பயண நேரம்? 8:00 முதல் 8:55 வரை ஐந்து ஐந்து நிமிடமாகக் கிளம்பிப் பார்த்தால் பன்னிரண்டு விடைகள் வரும். மிகக் குறைவு 43, மிக அதிகம் 68, வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்பது சுமார் 55. நான் நடு எண்ணையும் மோசமான எண்ணையும் சேர்த்தே எழுதுவேன். மோசமான எண்தான் வேலை இழப்பதற்கும் டாக்டரைப் பார்க்க முடியாமல் திரும்புவதற்கும் காரணமாகிறது.

இத்தனையையும் கையால் செய்ய முடியாது என்று தோன்றினால் ஓப்பன்ட்ரிப்பிளானர், ஆர்5 போன்ற இலவச மென்பொருள்கள் இருக்கின்றன. ஆனால் முதல் இரண்டு பயணங்களைக் கையாலேயே செய்யுங்கள். மென்பொருள் தவறான விடை தரும்போது அது தவறு என்று உங்களுக்குத் தெரிய வேண்டுமே.

இன்னொரு விஷயம், குறித்த நேரத்துக்குப் போய்ச் சேர வேண்டிய பயணங்கள். மேலே சொன்ன பயணத்தில் 9 மணிக்கு மருத்துவமனையில் இருக்க வேண்டுமென்றால் 8:05 பஸ் ஒன்றுதான் வழி, அடுத்தது 9:08-க்குத்தான் கொண்டுபோய் விடும். அப்படியானால் அவர் 7:58-க்கே கிளம்பி, 8:38-க்குச் சேர்ந்து, 22 நிமிடம் சும்மா உட்கார வேண்டும். பயணம் 40 நிமிடம் என்று செயலி சொல்லும், அவருடைய நாளிலிருந்து போனது 62 நிமிடம். அந்த 22-ஐயும் ஒரு பத்தியில் எழுதுங்கள். பஸ் அரிதாக வரும் இடங்களில் மக்கள் ஸ்டாப்பில் அதிகம் நிற்பதில்லை, நேரம் பார்த்துத்தான் வருகிறார்கள். காத்திருப்பு இப்படிப் போய்ச் சேர்ந்த இடத்தில் ஒளிந்துகொள்கிறது.

நடை, காத்திருப்பு நிமிடங்களுக்கு வண்டிக்குள் இருக்கும் நிமிடத்தைவிட ஒன்றரை, இரண்டு மடங்கு எடை கொடுப்பது திட்டமிடுபவர்களிடம் உள்ள வழக்கம். எடை போட்டு ஒரே எண்ணாக்குவதை நான் கடைசிக்குத் தள்ளிவைப்பேன். பத்திகளைத் தனித்தனியாகப் பார்த்தால்தான் எங்கே கோளாறு என்று தெரியும்.

8. ஸ்டாப்பில் நின்று குறிப்பது

டைம்டேபிள் என்பது வாக்குறுதி. அது காப்பாற்றப்படுகிறதா என்பது ஸ்டாப்பில்தான் தெரியும். முக்கியமான இரண்டு மூன்று ஸ்டாப்களில், உங்கள் பட்டியலில் உள்ள நேரங்களில், இரண்டு மணி நேரம் வீதம் மூன்று நாட்களாவது நில்லுங்கள். தடம் தொடங்கும் இடத்தில் நிற்க வேண்டாம். கிளம்பும் இடத்தில் எல்லா பஸ்ஸும் ஒழுங்காகத்தான் இருக்கும், நடுவழியில்தான் இரண்டு பஸ் ஒட்டிக்கொண்டு வரும்.

படிவத்தில் ஆறு கட்டங்கள்: தட எண், வந்த நேரம், நின்றதா, ஏற முடிந்ததா, எத்தனை பேர் ஏறினார்கள், எத்தனை பேர் ஏற முடியாமல் நின்றுவிட்டார்கள். கடைசிக் கட்டம்தான் எனக்கு மிக முக்கியம், அதைத்தான் எல்லோரும் காலியாக விடுகிறார்கள். ஒருநாள் நான் நின்ற ஸ்டாப்பில் ஒரு பெண் கையில் குழந்தையோடும் மடக்கிய தள்ளுவண்டியோடும் அடுத்தடுத்து மூன்று பஸ்களை விட்டார். மூன்றும் வந்தன, மூன்றும் நின்றன, டைம்டேபிள்படி எல்லாம் சரி. படியில் கால் வைக்க இடமில்லை, அவ்வளவுதான்.

கணக்குக்கு வருவோம். ஒரு மணி நேரத்தில் ஆறு பஸ் என்றால் 'சராசரி 10 நிமிட இடைவெளி, அதனால் சராசரிக் காத்திருப்பு 5 நிமிடம்' என்று போட்டுவிடுவார்கள். பஸ்கள் சீராக வந்தால் மட்டுமே அது உண்மை. இடைவெளிகள் 2, 18, 2, 18, 5, 15 என்று இருந்தாலும் மொத்தம் 60 நிமிடம், சராசரி அதே 10. ஆனால் 18 நிமிட இடைவெளியில் ஸ்டாப்புக்கு வந்து சேர்பவர்கள் 2 நிமிட இடைவெளியில் வருபவர்களைப் போல் ஒன்பது மடங்கு. நீண்ட இடைவெளிதான் நிறையப் பேரைப் பிடித்து வைக்கிறது.

சரியான கணக்கு இதுதான்: ஒவ்வொரு இடைவெளியையும் அதே எண்ணால் பெருக்கிக் கூட்டுங்கள், மொத்த நேரத்தின் இரண்டு மடங்கால் வகுங்கள். இங்கே 4, 324, 4, 324, 25, 225 கூட்டினால் 906. அதை 120-ஆல் வகுத்தால் சுமார் 7.5 நிமிடம். ஐந்து என்று காகிதத்தில் இருந்தது பாதிக்குப் பாதி கூடிவிட்டது, ஒரு பஸ்கூடக் குறையாமலே.

நிரம்பி வழிந்து ஏற முடியாமல் போன பஸ்ஸை இந்தக் கணக்கில் வராத பஸ்ஸாகவே வையுங்கள். சீராக 10 நிமிடத்துக்கு ஒன்று வரும் ஆறில் நடுவே ஒன்று நிரம்பி வந்தால் இடைவெளிகள் 10, 10, 20, 10, 10 ஆகிவிடும், காத்திருப்பு 5-லிருந்து 6.7 நிமிடமாக ஏறும். சக்கர நாற்காலியில் வருபவருக்கு இந்தக் கணக்கைத் தனியாகப் போடுங்கள். சாய்தளம் இல்லாத, அல்லது இருந்தும் வேலை செய்யாத ஒவ்வொரு பஸ்ஸும் அவருக்கு வராத பஸ்தான்.

இந்தக் கணக்கு, நேரம் பார்க்காமல் ஸ்டாப்புக்கு வருபவர்களுக்குப் பொருந்தும். இடைவெளி சுமார் 12 நிமிடத்துக்குள் இருக்கும் தடங்களில் பயன்படுத்துங்கள். அரை மணிக்கு ஒன்று, ஒரு மணிக்கு ஒன்று என்று வரும் தடங்களில், சொன்ன நேரத்தைவிட எவ்வளவு தாமதம், எத்தனை பஸ்கள் வராமலே போயின என்று குறித்தால் போதும். நேரத்துக்கு முன்பே போய்விட்ட பஸ்ஸைத் தனியாகக் குறியுங்கள். ஒரு மணிக்கு ஒன்று வரும் தடத்தில் இரண்டு நிமிடம் முன்னால் போன பஸ், சரியான நேரத்துக்கு வந்தவருக்கு ஒரு மணி நேரத் தாமதம்.

9. செலவு

டிக்கெட் விலையை மட்டும் எழுதாதீர்கள். போக, வர, மாறும் இடத்தில் மறுபடி டிக்கெட், கூட வருபவரின் டிக்கெட், ஸ்டாப்பிலிருந்து வீட்டுக்கு இரவில் பிடிக்கும் வாடகை வண்டி எல்லாம் சேர்த்து அந்த நாளின் மொத்தம் எவ்வளவு என்று எழுதி, அந்தப் பகுதியில் குறைந்த வருமானக்காரர் ஒருவரின் ஒருநாள் கூலியில் எத்தனை சதவீதம் என்று பாருங்கள். மாத பாஸ் மலிவு என்பார்கள். மாதத் தொடக்கத்தில் மொத்தமாகப் பணம் கட்ட முடியாதவருக்கு அந்த மலிவு கிடைப்பதில்லை, அவருக்குத் தினசரி டிக்கெட் கணக்கையே போடுங்கள்.

10. ஆட்களிடம் கேட்பது, முக்கியமாக ஸ்டாப்பில் இல்லாதவர்களிடம்

ஸ்டாப்பில் நிற்பவர்களிடம் கேட்பது சுலபம், அதனால் எல்லோரும் அங்கேயே கேட்கிறார்கள். ஆனால் அங்கே நிற்பவர்கள் எப்படியோ சமாளித்துப் போய்வரத் தெரிந்தவர்கள். பஸ்ஸை நம்பிப் பயனில்லை என்று விட்டுவிட்டவர்கள் அங்கே இருக்கமாட்டார்கள். இந்த அளவையில் மிகப் பெரிய ஓட்டை இதுதான், இதை அடைக்காமல் மற்ற எதைத் துல்லியமாகச் செய்தும் பயனில்லை. நீங்கள் தேர்ந்தெடுத்த வாசல்களைச் சுற்றி வீடு வீடாகப் போங்கள். பகலில் ஒரு முறை, மாலையில் ஒரு முறை.

'பஸ் வசதி எப்படி இருக்கிறது?' என்று கேட்டால் 'பரவாயில்லை' என்று பதில் வரும். அதில் ஒன்றும் இல்லை. நேற்றைய நாளைப் பற்றிக் கேளுங்கள்: நேற்று எங்கெல்லாம் போனீர்கள், எப்படிப் போனீர்கள், எத்தனை மணிக்குக் கிளம்பினீர்கள்? அப்புறம் இந்தக் கேள்வி: போன வாரம் போக நினைத்து, போக வசதிப்படாமல் விட்ட இடம் ஏதாவது உண்டா? இந்தக் கேள்விக்கு முதலில் 'இல்லை' என்றுதான் சொல்வார்கள். கொஞ்சம் பொறுங்கள். பரிசோதனைக்கு வரச்சொன்ன தேதியைத் தள்ளிப்போட்டது, மகள் மாலை வகுப்பை நிறுத்தியது, அக்கா வீட்டுக்குப் போய் நான்கு மாதமாவது எல்லாம் மெதுவாகத்தான் வெளியே வரும்.

வீட்டுத் தலைவர் எல்லோருக்கும் சேர்த்துப் பதில் சொல்ல விடாதீர்கள். மனைவியோ அம்மாவோ நேற்று எங்கே போனார்கள் என்று அவருக்கு முழுதாகத் தெரியாது. ஒவ்வொருவரிடமும் தனியாகக் கேளுங்கள், பெண்களிடம் பெண்கள் கேட்பது நல்லது. இருட்டிய பிறகு எந்த ஸ்டாப்பில் நிற்கமாட்டேன் என்பதை அப்போதுதான் சொல்வார்கள். பெயரும் வீட்டு எண்ணும் படிவத்தில் வேண்டாம், வாசல் குறியீடு போதும்.

11. எல்லாவற்றையும் ஒன்றுசேர்ப்பது

இந்த இடத்தில் 'நூற்றுக்கு 67' என்று ஒரே மதிப்பெண் போடும் ஆசை வரும். வேண்டாம். பகல் முழுக்க நிறைய பஸ்ஸும் இரவில் ஒன்றுமில்லாமலும் இருக்கும் பகுதியும், நாள் முழுக்கச் சுமாராக இருக்கும் பகுதியும் அதே 67 வாங்கும். தேவையோ முற்றிலும் வேறு.

நான் செய்வது இது. ஒவ்வொரு பயணத்துக்கும் சில கேள்விகள்: குறித்த நேரத்துக்குப் போய்ச் சேர முடிந்ததா, வேலை முடிந்து திரும்ப முடிந்ததா, மொத்த நேரம் எல்லைக்குள் இருந்ததா, செலவு தாங்கியதா, பட்டியலில் எழுதிய அந்த நபரால் ஏறி இறங்க முடிந்ததா. எல்லாவற்றுக்கும் ஆம் என்றால்தான் அந்தப் பயணம் 'நடந்தது'. ஒன்றுக்கு இல்லை என்றாலும் 'நடக்கவில்லை', பக்கத்தில் எதனால் என்று எழுத வேண்டும். பிறகு ஒவ்வொரு வாசலுக்கும் எத்தனை பயணங்களில் எத்தனை நடந்தன என்று எண்ணி, வசிப்பவர்களின் எண்ணிக்கையை வைத்துச் சேர்க்கவும்.

நேர எல்லையை எங்கே வைப்பது என்பதில் ஒரு பொறி இருக்கிறது. 45 நிமிடம் என்று வைத்தால் 44-ல் முடிந்தது தேறிவிடும், 46 தோற்றுவிடும், வாழ்க்கையில் இரண்டுக்கும் வித்தியாசமே இல்லை. ஆகவே 30, 45, 60 என்று மூன்று எல்லைகளுக்கும் கணக்கிட்டுக் காட்டுங்கள். எல்லையை மாற்றினால் வாசல்களின் வரிசையே தலைகீழாகிறதென்றால் முடிவு இன்னும் உறுதியாகவில்லை என்று அர்த்தம், திரும்பிப் போய் அந்த வாசல்களை மட்டும் மறுபடி அளக்க வேண்டும்.

12. அறிக்கை, அப்புறம் மறு அளவை

அறிக்கையின் முதல் பக்கத்தில் சராசரியைப் போடாதீர்கள். மோசமான மூன்று வாசல்களையும், அங்கே நடக்காமல் போன பயணங்களையும், ஒவ்வொன்றும் எதனால் தடைப்பட்டது என்பதையும் போடுங்கள். 'இந்த வாசலிலிருந்து மாலை 7:40-க்குப் பிறகு திரும்பி வர வழியில்லை' என்ற ஒரு வரிக்கு அதிகாரி பதில் சொல்லியாக வேண்டும், சதவீதத்துக்கு அப்படி இல்லை.

எந்தெந்தத் தேதிகளில் அளந்தீர்கள், என்ன நடை வேகம் வைத்தீர்கள், எத்தனை பேரிடம் கேட்டீர்கள், எந்தப் பயணங்களை விட்டுவிட்டீர்கள் என்று பின் இணைப்பில் முழுதாக எழுதுங்கள். ஸ்டாப்பில் குறித்த படிவங்களைப் படமெடுத்துச் சேர்த்துவிடுங்கள். 'உங்கள் எண் தவறு' என்று முதல் கூட்டத்திலேயே யாராவது சொல்வார்கள், அப்போது படிவம் கையில் இருக்க வேண்டும்.

டைம்டேபிள் மாறினாலோ புதுத் தடம் வந்தாலோ மறுபடி அளக்க வேண்டும், ஆனால் உடனே அல்ல. பழக்கம் மாற இரண்டு மூன்று மாதம் விடுங்கள். அதே வாசல்கள், அதே பயணங்கள், அதே நடை வேகம், முடிந்தால் அதே ஆட்கள். முறையில் ஏதாவது குறை தெரிந்து திருத்த நினைத்தால், ஒரு முறை பழைய முறையிலும் புதிய முறையிலும் சேர்த்தே அளந்துவிடுங்கள். இல்லாவிட்டால் எண் மாறியது பஸ்ஸாலா, உங்கள் படிவத்தாலா என்று பிறகு பிரித்தறிய முடியாது.